அது இலைக் கஞ்சா இல்லை

தம்பி, "சிந்தெடிக் கஞ்சாவும் மூலிகைதான், டெஸ்டில் பிடிபடாது, வெளிநாட்டில் பெடியன்கள் எல்லாரும் பாவிக்கிறார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாசிக்கிற இடம் இது, அப்படியே விட மனம் வரவில்லை.

ஏதோ ஒரு காய்ந்த இலையின் மேல் ஆய்வுகூட இரசாயனத்தைத் தெளித்துத்தான் அதை விற்கிறார்கள். கஞ்சாவில் உள்ள, போதை தரும் பொருளான டி.எச்.சி., மூளையில் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை (ஏற்பியை) ஓரளவுக்குத்தான் தூண்டும். இந்த இரசாயனங்களில் பெரும்பாலானவை முழுமையாகத் தூண்டுகின்றன. அதனால் வலிப்பு, கடும் மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு, சாவு வரைக்கும் போயிருக்கிறது. தெளிப்பும் சீராக இருக்காது. ஒரே பைக்கற்றில் ஒருவனுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்தவன் விழுந்துவிடுவான். 2016 ஜூலையில் நியூயோர்க்கில் ஒரே நாளில் 33 பேர் இதைப் பாவித்துப் பாதிக்கப்பட்டார்கள்.

டெஸ்ட் கதை பாதி உண்மை. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை டி.எச்.சி.யைத்தான் தேடும். அதனால்தான் வெளிநாட்டுச் சிறைகளில் இது பரவியது. ஆனால் பிடிபடாதது பாதுகாப்பு ஆகுமா? என்ன உள்ளே போனது என்று ஆஸ்பத்திரியிலும் உடனே கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம்.

சரி, "எல்லாரும்" என்பதற்கு வருவோம். அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் 2011இல் சுமார் 11 சதவீதம் பேர் அந்த ஆண்டில் பாவித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 3.5 சதவீதம். அங்கேயே பிள்ளைகள் விட்டு விலகிய பொருள் இது.

யாராவது புகைத்துவிட்டு மயங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். என்ன எடுத்தான் என்பதை டொக்டரிடம் மறைக்காதீர்கள், மிச்சம் இருந்தால் அந்தப் பைக்கற்றையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.