செத்த மீனும் சில புள்ளிகளும்

மாமா: கல்லூரியில் என்ன எடுத்திருக்கிறாய், மருமகளே?

மீரா: நியூரோசயின்ஸ், மாமா. மூளை, நரம்பு பற்றிய படிப்பு. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி.

மாமா: ஆர்ட்ஸ் கல்லூரியில் சயின்ஸா? ஏதாவது ஒன்றைச் சொல்.

மீரா: எல்லாமே உண்டு. உயிரியல், வேதியியல், உளவியல், புள்ளியியல். அப்புறம் தத்துவம், நாடகம்.

மாமா: நாடகமா! ஆபரேஷன் நடக்கும்போது நடித்துக் காட்டுவாயா?

மீரா: நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனால் லேபில் நாங்களேதான் எல்லாம் செய்கிறோம். சின்னக் கல்லூரி, பிஎச்டி மாணவர்கள் கிடையாது. போன வாரம் ஆட்டு மூளையை நடுவில் நீளவாக்கில் அறுத்தோம். இரண்டு பாதிக்கும் பாலமாக வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். கார்பஸ் கலோசம்.

மாமா: கசாப்புக் கடைக்காரர் தினமும் பார்க்கிறார். அவர் ஃபீஸ் கட்டினாரா?

மீரா: கட்டவில்லை, பரீட்சையும் எழுதவில்லை. எனக்குப் புள்ளியியல்தான் உயிரை வாங்குகிறது.

மாமா: மூளைக்கு எதற்குக் கணக்கு?

மீரா: மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் செத்த சால்மன் மீன் ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் வைத்து, மனிதர்களின் போட்டோக்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டார்கள்.

மாமா: மீனிடமா?

மீரா: செத்த மீனிடம். ஸ்கேனில் மூளை வேலை செய்வதுபோலச் சில புள்ளிகள் தெரிந்தன! ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் சோதிக்கிறோம் இல்லையா, சில இடங்கள் தற்செயலாகவே வேலை செய்வதுபோலத் தெரியும். அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்தாவிட்டால் செத்த மீனும் யோசிக்கும். திருத்தியதும் புள்ளிகள் காணாமல் போயின. 2012இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பரிசு.

மாமா: எங்கள் மேனேஜரையும் ஒருமுறை உள்ளே வைத்துப் பார்க்கலாம். சரி, ஞாபக மறதிக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தார்களா?

மீரா: ஹென்றி மொலைசன் என்று ஒருவர். 1953இல் வலிப்புக்காக அவருடைய மூளையில் புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸில் பெரும்பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னால் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். முந்தின நாள் வரைந்தது மட்டும் ஞாபகமே இருக்காது.

மாமா: நானும் உன் அத்தையும் போடும் சண்டை அப்படித்தான். எதற்காக என்று இருவருக்கும் மறந்துவிடும், ஆனால் தினமும் தேர்ச்சி கூடுகிறது. அது போகட்டும், மூளையில் பத்து சதவீதத்தைத்தான் நாம் உபயோகிக்கிறோமாமே? மீதியை எப்படித் திறப்பது?

மீரா: அது சுத்தக் கட்டுக்கதை. முழு மூளையும் வேலையில்தான் இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 20 சதவீத சக்தியைத் தின்கிறது.

மாமா: அப்படியென்றால்... நான் இப்போது உபயோகிப்பதுதான் மொத்தமுமா?

மீரா: ஆமாம், மாமா.

மாமா: மெதுவாகப் பேசு! உள்ளே இன்னும் தொண்ணூறு சதவீதம் பத்திரமாக இருக்கிறது என்று உன் அத்தையிடம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வைத்திருக்கிறேன்.