பத்தொன்பது உரையும் ஒரு பொத்தானும்

(கல்வி மென்பொருள் ஆர்வலர்களின் கூடுகை நெருங்கிவிட்டது. நிகழ்ச்சி நிரல் போடும் வேலை இரண்டு பேர் தலையில். மூர்த்தி மென்பொருளுக்கு நிரல் எழுதுபவர். சரசு டீச்சர் அந்த நிரலோடு வகுப்பறையில் மல்லுக்கட்டுபவர். எந்த நிரலும் சொன்ன நேரத்தில் முடியாது என்பது இருவருக்குமே தெரியும்.)

மூர்த்தி: டீச்சர், மொத்தம் 19 உரை வந்திருக்கிறது. ஆளுக்கு அரை மணி நேரம்தானே, எல்லோரையும் சேர்த்துவிடலாம்.

டீச்சர்: காலை 9.30 முதல் மாலை 5 வரை எத்தனை நிமிடம், தம்பி?

மூர்த்தி: 450.

டீச்சர்: சாப்பாட்டுக்கு 60, இரண்டு இடைவேளைக்கு 30, தொடக்கம் முடிவு என்று இன்னொரு 30. மிச்சம்?

மூர்த்தி: 330.

டீச்சர்: அரை மணி வீதம் 11 பேர். மீதி எட்டுப் பேரும் மாடிப்படியில் நின்று பேசுவார்களா?

மூர்த்தி: ஆளுக்கு 17 நிமிடம் கொடுத்தால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

டீச்சர்: மைக் கையில் வந்த பிறகு அடங்கிய ஆளை நீ பார்த்திருக்கிறாயா? அது போகட்டும், மடிக்கணினியை புரொஜெக்டரில் மாட்ட எவ்வளவு நேரம் வைத்திருக்கிறாய்?

மூர்த்தி: அதற்கென்ன டீச்சர், ஒரு நொடி.

டீச்சர்: போன தடவை உன் மடிக்கணினியில் இருந்தது டைப்-சி, மேடையில் தொங்கியது எச்டிஎம்ஐ. நீ அடாப்டர் கேட்டு வரிசை வரிசையாகப் போய்வந்தாய். அதுவரை நாங்கள் எல்லோரும் திரையில் 'நோ சிக்னல்' படித்துக்கொண்டிருந்தோம். அன்று எனக்கு முழுதாகப் புரிந்த ஸ்லைடு அது ஒன்றுதான்.

மூர்த்தி: (இருமிக்கொண்டு) அப்படியென்றால் மின்னல் உரை வைக்கலாம். ஐந்தே நிமிடம். இல்லையென்றால் பெச்சகுச்சா. 2003இல் டோக்கியோவில் இரண்டு கட்டடக்கலைஞர்கள் தொடங்கியது. 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி. தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். 6 நிமிடம் 40 நொடியில் முடிந்தே தீரும்.

டீச்சர்: ஸ்லைடு முடிந்துவிடும், சரி. பேசுகிறவர்?

மூர்த்தி: ... அதை அப்புறம் யோசிக்கலாம். முதல் உரையைப் பாருங்கள். கல்வி மென்பொருளின் வரலாறு. 1967இல் பிள்ளைகளுக்காக வந்த லோகோ என்ற நிரல் மொழியிலிருந்து ஆரம்பிக்கிறார். அதை உருவாக்கியவர்களில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன்...

டீச்சர்: அதாவது ஆமை.

மூர்த்தி: ஆமையேதான். திரையில் இருக்கும் அந்த ஆமையிடம் 'முன்னே 100, வலப்பக்கம் 90' என்று நான்கு தடவை சொன்னால் சதுரம் போட்டுவிடும்.

டீச்சர்: ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்தத் துறை ஆமை புகுந்த பிறகுதான் உருப்பட்டது. ஆனால் இந்த ஆளை எனக்குத் தெரியும். 17 நிமிடத்தில் 1970ஐத் தாண்டமாட்டார்.

மூர்த்தி: 2007இல் வந்த ஸ்கிராட்ச், அதுதான் பிள்ளைகள் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதுவது, அது வரைக்கும் வருவதாக எழுதியிருக்கிறாரே.

டீச்சர்: வருவார், மறுநாள் காலையில். பைத்தான் நிரல் மொழியில் இன்றைக்கும் அந்த ஆமை இருக்கிறது. அதை மேடையில் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல், வரலாறு பின்னாலேயே வந்துவிடும். அடுத்து?

மூர்த்தி: 'பன்முகக் கற்றல் சூழலில் இடைமுகக் கூறுகளின் பரிணாம மாற்றம்.'

டீச்சர்: என்ன செய்திருக்கிறார்?

மூர்த்தி: நீலமாக இருந்த பொத்தானைப் பச்சையாக்கியிருக்கிறார்.

டீச்சர்: அதையே தலைப்பாக வைக்கச் சொல்லேன். முதல் வரிசையில் உட்காருகிறேன். பச்சையாக்கிய பிறகு பிள்ளைகள் அழுத்தினார்களா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூர்த்தி: அது அவருடைய உரைச் சுருக்கத்தில் இல்லை. அடுத்தவருக்குச் சுருக்கமே இல்லை. 'நேரில் வந்து சொல்கிறேன்' என்று மட்டும் போட்டிருக்கிறார்.

டீச்சர்: வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் என் வகுப்பிலும் ஒருவன் இதையேதான் சொல்கிறான்.

மூர்த்தி: இதைப் பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்கான கல்வி மென்பொருள் ஜீகாம்ப்ரி பற்றி ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று காதில் விழும்.

டீச்சர்: நல்ல பெயர். அதைப் பற்றிய உரை முடிந்ததும் யாராவது அப்படிச் சொல்கிறார்களா பார்ப்போம். சரி, என் உரை எத்தனையாவது?

மூர்த்தி: உங்கள் உரையா? நீங்கள் அனுப்பவே இல்லையே!

டீச்சர்: மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பினேன். தலைப்பு: 'பரீட்சை முடிந்தது, விடைத்தாள் வரவில்லை.' என் வகுப்பில் 34 பிள்ளைகள். இணைய வினாடிவினாவில் கடைசிக் கேள்வி வரை பதில் போட்டுவிட்டு 'முடி'யை அழுத்துகிறார்கள். ஒரு பட்டியல் வருகிறது. சரி, முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு அடியில் 'அனைத்தையும் சமர்ப்பித்து முடி' என்று இன்னொன்று இருக்கிறது. அதை அழுத்தினால், நிஜமாகத்தானா என்று மூன்றாவதாக ஒரு கேள்வி.

மூர்த்தி: பாதுகாப்புக்காக வைப்பதுதான். எது எதற்கு என்று எழுதித்தானே இருக்கிறது டீச்சர்? படிக்காமல் போனால் மென்பொருள் என்ன செய்யும்?

டீச்சர்: உரை அனுப்பும் படிவத்தைச் செய்தது யார்?

மூர்த்தி: (நிமிர்ந்து உட்கார்ந்து) நான்தான்.

டீச்சர்: எல்லாம் நிரப்பிவிட்டு 'சேமி'யை அழுத்தினேன். பச்சையில் ஒரு டிக் வந்தது. 'நன்றி' என்றுகூடச் சொன்னது.

மூர்த்தி: ஐயோ, அது வரைவு டீச்சர். மூன்றாம் பக்கத்தில் கீழே உருட்டினால் சாம்பல் நிறத்தில் சின்னதாக 'சமர்ப்பி' இருக்கும். எழுதித்தானே...

டீச்சர்: சொல்லு, சொல்லு.

மூர்த்தி: ... இருக்கிறது.

டீச்சர்: எத்தனை வரைவு கிடக்கிறது என்று திறந்து பார்.

(மூர்த்தி திறக்கிறார். திரையில் சக்கரம் சுற்றுகிறது. முகம் மாறுகிறது.)

மூர்த்தி: 41.

டீச்சர்: பத்தொன்பதும் நாற்பத்தொன்றும் அறுபது. 330 நிமிடத்தை அறுபதால் வகுத்தால் ஆளுக்கு ஐந்தரை. உன் மின்னல் உரை வந்தேவிட்டது, போ. ஒவ்வொன்றாகப் படி. முதலில் யார்?

மூர்த்தி: முதலில்... அதை விடுங்கள் டீச்சர், இரண்டாவதிலிருந்து பார்க்கலாம்.

டீச்சர்: (மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு) 'யாருக்கும் குழப்பம் வராத படிவம் செய்வது எப்படி? உரை: மூர்த்தி.'