தெனிகினால ஏன் மாஸ்கோ போய்ச் சேர முடியல

ரஷ்ய உள்நாட்டுப் போர் பத்தி இங்க பேச்சு வந்தாலே ரெண்டு கதைதான் திரும்பத் திரும்ப ஓடுது. 14 நாட்டுப் படை சேந்து வந்துச்சு, மக்கள் மொத்தமா செம்படை (லெனினோட போல்ஷெவிக் கட்சிப் படை) பின்னாடி நின்னு ஜெயிச்சாங்கன்னு ஒரு தரப்பு. லெனின் துப்பாக்கி முனையில ஆட்சியப் புடிச்சாரு, வெண்படைக்காரங்க (போல்ஷெவிக்குகள எதிர்த்த படைங்க) ஜனநாயகத்தக் காப்பாத்தப் போராடித் தோத்தாங்கன்னு இன்னொரு தரப்பு. எனக்கு ரெண்டுலயும் உடன்பாடில்ல. அந்த நாட்டு ஜனத்தொகையில நூத்துக்கு எண்பது பேர் கிராமத்து ஆளுங்க, ரெண்டு கதையிலயும் அவங்களுக்கு வேலையே இல்ல. போர் ஏன் வந்துச்சு, வெண்படை (தெற்குல அதுக்குத் தளபதி தெனிகின்) ஏன் தோத்துச்சு, ரெண்டுக்கும் பதில் அவங்க நிலத்துலதான் இருக்குங்கறது என் கருத்து.

லெனின் ஆட்சியப் புடிச்ச 1917 அக்டோபர்ல இருந்து எண்ண ஆரம்பிச்சா பாதிதான் புரியும். அந்தக் கோடையிலயே விவசாயிங்க பண்ணையார் நிலத்த எடுத்துக்க ஆரம்பிச்சாச்சு, போர்முனையில இருந்த சிப்பாய் (அவனும் விவசாயி மகன்தான்) ஊர்ல நிலம் பிரிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு துப்பாக்கியோட ரயில் ஏறிட்டான், ஜார் மன்னர் போனப்புறம் வந்த இடைக்கால அரசாங்கமோ, தேர்தல் நடத்திக் கூட்டப்போற அரசியல் நிர்ணய சபை வந்து பாத்துக்கும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்துச்சு. லெனின் ஆட்சிக்கு வந்த கையோட பண்ணையார் நிலம் விவசாயிக்கேன்னு நில ஆணை போட்டாருன்னா அது ஏற்கனவே நடந்துக்கிட்டு இருந்ததுக்கு சீல் குத்தினதுதான். ஆனா அதே லெனின் 1918 ஜனவரியில அந்த அரசியல் நிர்ணய சபைய ஒரே ஒரு அமர்வோட இழுத்து மூடினாரு. தேர்தல்ல போல்ஷெவிக் கட்சிக்குக் கெடச்சது சுமார் நாலுல ஒரு பங்கு ஓட்டு, கிராமத்து ஓட்ட அள்ளி முதலிடத்துல வந்தது சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி. ஓட்டு மூலமா ஆட்சிய மாத்தற வழி அன்னிக்கு அடைபட்டுப்போச்சு. மே மாசம் தானியத்தப் பறிக்கறதுக்கு ஆயுதம் தாங்கின ஆளுங்களையே கிராமத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க, அதே மே மாசம் ரஷ்யாவ விட்டு வெளியேறிக்கிட்டிருந்த செக்கோஸ்லோவாக்கியப் படை சைபீரிய ரயில் பாதை நெடுக கலகம் பண்ணுச்சு, அப்புறம் யாராலயும் நிறுத்த முடியல. இங்கிலாந்து ஆயுதம் குடுத்தது, ஜப்பான் விளாதிவஸ்தோக்ல எறங்கினது எல்லாம் உண்மை. ஆனா அதையே போருக்கு மூல காரணம்னு சொன்னா உள்ளூர்ல நடந்த அத்தனையையும் மறைக்கறதாதான் ஆகும்.

சரி, வெண்படை. 1917 கடைசியில தோன் கொசாக்குங்க (குதிரைப்படை மரபு உள்ள சமூகம்) பிரதேசத்துல, நோவோசெர்காஸ்க் ஊர்ல, ஜார் காலத்து ஜெனரலுங்க அலெக்ஸேயெவும் கோர்னிலோவும் ஆரம்பிச்ச தன்னார்வப் படைதான் தெற்குல இதுக்கு வேர். 1918 பிப்ரவரியில ரஸ்தோவ விட்டுப் பனிக்குள்ள கெளம்பினப்போ மொத்தமே 4000 பேர் கிட்டதான், பெரும்பாலும் ஆபிசருங்களும் படிக்கிற பசங்களும், சாதாரண சிப்பாய் ரொம்பக் கம்மி. ஏப்ரல்ல யெகாத்ரினோதார் ஊருக்கு வெளிய ஒரு பண்ணை வீட்டுல கோர்னிலோவ் இருந்த ரூம்ல ஷெல் விழுந்து அவர் செத்தாரு, பொறுப்பு தெனிகின் கைக்கு வந்துச்சு.

இந்த தெனிகின் பத்திதான் நான் ரொம்ப யோசிக்கிறது. வெண்படைத் தலைவருங்கன்னா எல்லாரும் ராஜ வம்சம், பெரிய ஜமீனுன்னு ஒரு நெனப்பு இருக்கு. இவரோட அப்பா பண்ணையடிமையாப் பொறந்தவர், பட்டாளத்துக்குப் புடிச்சுக் குடுத்துட்டாங்க, பல வருஷம் சிப்பாயா இருந்து ஆபிசரா உயந்தவர். பெரிய சொத்து எதுவும் இல்லாத குடும்பம். அப்படிப்பட்டவர் ஆண்ட பகுதியில 1919 அறுவடைக்கு என்ன உத்தரவு வந்துச்சுன்னா, விவசாயி எடுத்துக்கிட்ட பண்ணை நிலத்துல வெளைஞ்ச தானியத்துல மூணுல ஒரு பங்கு, புல்லுல பாதி, கிழங்கு வகையில ஆறுல ஒரு பங்கு பழைய பண்ணையாருக்கு அளக்கணும். ரெண்டு வருஷமா தன்னுதுன்னு நெனச்சு உழுதவன் களத்துல நிக்கிறான், ஓடிப்போன பண்ணையார் பட்டாளத்துக்குப் பின்னாடியே திரும்பி வந்து கண்டுமுதல்ல பங்கு கேக்கறாரு, குடுக்கலன்னா சிப்பாய்ங்க சவுக்கோட வர்றாங்க. இதுக்கப்புறம் அந்த ஊர்ல எவன் வெண்படைக்கு ஆள் குடுப்பான்?

தெனிகின் கெட்டவர்னு நான் சொல்லல. நிலம், அரசு வடிவம், எல்லைன்னு எதையும் ஜெயிச்சு முடிச்சு மக்கள் சபை கூடினப்புறம்தான் தீர்மானிக்கணும், பட்டாளத்துக்கு அந்த உரிமை இல்லன்னு அவர் மனசார நம்பினாரு. அமைதிக் காலத்துல அது நல்ல கொள்கையா இருக்கலாம். உள்நாட்டுப் போர்ல முடிவு சொல்லாம இருக்கறதும் ஒரு முடிவுதான், பண்ணையார் பக்கம் சாஞ்ச முடிவு.

இதோட விளைவு 1919 கோடையிலயே தெரிஞ்சுது. செம்படைய விட்டு ஓடி காட்டுல ஒளிஞ்சிருந்த விவசாயிங்க, தெனிகின் படை வடக்க நெருங்க நெருங்க, லட்சக்கணக்குல செம்படைக்கே திரும்பினாங்க. கம்யூனிசத்து மேல பாசம் வந்து போகல, பண்ணையார் வந்துருவாரேங்கற பயத்துல போனாங்க. அக்டோபர்ல ஒர்யோல் வரைக்கும் புடிச்சாச்சு, மாஸ்கோவுக்கு இன்னும் 350 கிலோமீட்டர் சொச்சம்தான், அந்த நேரத்துல பின்னாடி உக்ரைன்ல அராஜகவாதி மக்னோவோட விவசாயப் படை புகுந்து பெர்த்யான்ஸ்க்ல இருந்த வெடிமருந்துக் கிடங்கையே காலி பண்ணிட்டாங்க.

பிரிக்க முடியாத ஒரே ரஷ்யான்னு புடிச்ச பிடிவாதம் வேற. பின்லாந்து ஜெனரல் மன்னர்ஹெய்ம் பெத்ரோகிராட் (இன்னிக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) மேல படையெடுக்கத் தயாரா இருந்தாரு, பின்லாந்து சுதந்திரத்த ஒத்துக்கோன்னுதான் கேட்டாரு, சைபீரியாவுல வெண்படைத் தலைவரா இருந்த கோல்சாக் மாட்டேன்னுட்டாரு. உக்ரைன் தனி நாடுன்னு நின்ன பெத்லியூராவோட ஆளுங்கள கீவ்ல இருந்து வெரட்டினாங்க. போலந்து கைய கட்டிக்கிட்டு நின்னுச்சு.

ஜனநாயகம்னு பேசறவங்க சைபீரியாவுல ஓம்ஸ்க்ல நடந்ததையும் படிக்கணும். 1918 நவம்பர்ல கோல்சாக்க உச்ச ஆட்சியாளராக்கினதே ஒரு ராணுவக் கவிழ்ப்பு, அதுல கைது பண்ணினது சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சித் தலைவர்களத்தான். டிசம்பர்ல ஜெயில்ல இருந்த அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள ஆபிசருங்க வெளிய கூட்டிட்டுப் போயி இர்திஷ் ஆத்தங்கரையில சுட்டுப் போட்டாங்க. லெனின் சபைய மூடினாரு, இவங்க உறுப்பினர்களையே கொன்னாங்க. 1919 செப்டம்பர்ல பாஸ்திவ் ஊர்ல தெனிகின் படையச் சேந்த கொசாக்குங்க யூதர்கள ஆயிரத்துக்கும் மேல கொன்னு வீடுகளக் கொளுத்தினாங்க. சிலுவை, பைபிள், தேசபக்தின்னு என்ன பேசினாலும் இத எந்தத் தராசுலயும் சமன் பண்ண முடியாது. செக்கா (போல்ஷெவிக் ரகசியப் போலீஸ்) பண்ணின கொலைகளச் சொல்லி இத மறைக்கறவங்களோட எனக்கு வாதமே இல்ல.

கடைசியில தெனிகினுக்கு அப்புறம் தலைமைக்கு வந்த ராங்கெலுக்கு மட்டும் புத்தி வந்துச்சு, 1920ல நிலம் விவசாயிக்கேன்னு கிரிமியாவுல சட்டம் போட்டாரு. அதுலயும் வருஷா வருஷம் வெளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கு, 25 வருஷத்துக்குக் கட்டணும்! நவம்பர்ல சுமார் ஒன்றரை லட்சம் பேர கப்பல்ல ஏத்திக்கிட்டு அவரும் போயிட்டாரு.

பண்ணையார் இனி வரமாட்டாருன்னு ஆனதும் விவசாயிங்க செம்படை மேல முழு மூச்சா பாஞ்சாங்க, அத யாரும் இங்க எழுதறதில்ல. தாம்போவ், மேற்கு சைபீரியா, 1921 மார்ச்ல க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிங்க. தாம்போவ் காட்டுக்குள்ள ஒளிஞ்சவங்க மேல விஷவாயு போடச் சொல்லி செம்படைத் தளபதி துகாசெவ்ஸ்கி உத்தரவே போட்டாரு. தானியப் பறிப்ப விட்டுட்டு வரி மட்டும் வாங்கறோம்னு லெனின் எறங்கி வந்தது அந்த மார்ச்லதான், செம்படை பெரும்பாலான வெண்படைய ஜெயிச்சதுக்கு அப்புறம். மூணு வருஷம் முன்னாடியே அத செஞ்சிருந்தா வோல்கா பக்கம் விதைத் தானியத்தையும் சேத்துப் பறிச்சிட்டுப் போயிருக்க மாட்டாங்க. மழையும் பொய்க்க, 1921-22 பஞ்சத்துல செத்தது சுமார் 50 லட்சம் பேர்.