முல்லைப்பாட்டில் எதுகையே கிடையாதா?

“முல்லைப்பாட்டு வெறும் வசனம், எதுகை, சீர்க் கணக்கெல்லாம் பிற்காலப் புலவர்கள் கொண்டுவந்தவை.” மதுரைப் பக்கத்துப் பள்ளி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு. (எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது; சீர் என்றால் அடியின் உறுப்பு, அசைகள் சேர்ந்து அமைவது.)

சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஒன்று முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடிய இது 103 அடிகள் கொண்ட ஆசிரியப்பா என்னும் பாவகை. தொழுவத்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்:

சிறுதாம்பு தொடுத்த பசலைக் கன்றின்
உறுதுயர் அலமரல் நோக்கி ஆய்மகள்
நடுங்குசுவல் அசைத்த கையள் கைய
கொடுங்கோற் கோவலர் பின்நின்று உய்த்தர

சிறு–உறு, நடுங்கு–கொடுங். நாலே அடியில் இரண்டு அடியெதுகை, அதாவது அடிகளின் தொடக்கத்தில் வரும் எதுகை! ‘கொடுங்கோற் கோவலர்’ என்பதில் மோனை, அதாவது முதலெழுத்து ஒன்றி வருவது. அடிக்கு நான்கு சீர். இரண்டாம் அடியைப் பிரித்தால் கருவிளம், கருவிளம், தேமா, கூவிளம் என்ற வாய்பாடுகளில் எல்லாமே ஈரசைச்சீர், அதாவது இரண்டு அசை கொண்ட சீர். அப்புறம் அந்த ‘கையள் கைய’. குளிரில் தோளைக் கட்டிக்கொண்ட ஆய்ச்சியின் கையும், கோல் பிடித்த இடையர் கையும் அடுத்தடுத்து நிற்கின்றன. தாய்ப்பசுவுக்காகத் தவிக்கும் கன்றுக்கு அவள் சொல்லும் ஆறுதல் இங்கேதான் தொடங்குகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

பாட்டின் முடிவிலும் கணக்கு தப்பவில்லை. ‘துனைபரி துரக்கும் செலவினர்’ என்ற ஈற்றயலடிக்கு (கடைசிக்கு முந்தைய அடிக்கு) மூன்று சீர், கடைசி அடி ‘மாவே’ என்று ஏகாரத்தில் முடிவு. ஆசிரியப்பாவின் ஒரு வகையான நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணமே அதுதான்.

எல்லா அடியிலும் எதுகை வராது என்பது சரி. ஆசிரியப்பா அப்படிக் கேட்பதும் இல்லை. சீரும் அசையும் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தின் செய்யுளியல் பகுதியிலேயே பேசப்படுகின்றன. அதற்கும் இந்தப் பாட்டுக்கும் உரை எழுதிய நச்சினார்க்கினியர் நம் மதுரைக்காரர்.