மெக்கானிக்கை ஊருக்கு அனுப்பிவிட்டு ஓட்டுநரைத் திட்டாதீர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படை என்றாலே ஆளாளுக்கு எழுதுவது சிகரெட் கள்ளச்சந்தையும் காதல் கதையும்தான். வண்டிகள் வரிசையாகப் படுத்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், ‘புதுசா வந்த பசங்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளை விட்டுவைத்தார்களா? யார் முதலில் ஊர் திரும்பலாம் என்று தீர்மானித்த 1945 மே மாதத்துப் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். பணியில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1, அது கடல் கடந்த பணி என்றால் மாதத்துக்கு இன்னொரு 1. பதக்கத்துக்கும் போர்முனை நட்சத்திரத்துக்கும் தலா 5. குழந்தைக்கு 12, அதுவும் மூன்று குழந்தை வரை. 85 தொட்டால் ஊருக்குப் போகலாம். போனவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் உயிரைக் கொடுத்துச் சேர்த்த புள்ளி அது. ஆனால் படை கரையிறங்கிய நார்மண்டியிலிருந்து அந்த வண்டிகளைக் கழற்றி மாட்டி வந்தவனிடம்தானே புள்ளி அதிகம் இருக்கும்? கைத்தொழிலுக்கு அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. பழகிய கைகள் முதலில் கப்பல் ஏறும் என்று மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாதா?

அவர்களுடைய பராமரிப்பு முறையில் ஐந்து படி. முதல் படி ஓட்டுநர், இரண்டாவது அந்தப் பிரிவின் சொந்த மெக்கானிக்குகள். அதற்கு மேலே மூன்று படியும் ஆர்ட்னன்ஸ் பட்டறைகள், அதாவது ஆயுதமும் வண்டியும் பழுதுபார்க்கும் படைத்துறையின் பட்டறைகள். கீழே இரண்டு படியும் இடிந்தால், ஸ்பேனரோடு முடியவேண்டிய வேலை இன்ஜினை இறக்கும் வேலையாகி மேலே போகும்.

ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். குளிர்விப்புக்கு 11 குவார்ட் தண்ணீர், பத்து லிட்டருக்குச் சற்று மேல். ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றாத வண்டியைப் பனி இரவில் நிறுத்தினால் இரண்டு இடத்தில் திறந்துவிட வேண்டும்: ரேடியேட்டர் அடியில் ஒன்று, இன்ஜின் பிளாக்கில் ஒன்று. ரேடியேட்டரை மட்டும் திறந்தால் பிளாக்கில் தங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, வார்ப்பிரும்பைப் பிளக்கும். பிளாக்கில் சொட்டு நின்றது என்று போய்விடவும் கூடாது. துரு அடைத்திருக்கலாம், கம்பியால் குத்திப் பார்க்கணும். பேட்டரியும் அப்படித்தான். முழுச் சார்ஜில் அமிலம் எளிதில் உறையாது, அதன் அடர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து) 1.100க்கு இறங்கிவிட்டால் மைனஸ் 8 டிகிரி வாக்கிலேயே உறையும். 1946-47 குளிர்காலம் எப்படிப்பட்டது என்று ஜெர்மானியர்களைக் கேளுங்கள்!

சக்கரம் இன்னும் மோசம். இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். தெரியாதவன் வழக்கம்போலத் திருப்பி, இன்னும் பலம் போட்டு, நட்டு மாட்டியிருக்கும் ஸ்டட்டையே முறித்துவிடுவான். இரண்டு பாதிகளாகச் செய்த கம்பாட் ரிம் என்றால் உயிருக்கே ஆபத்து. அச்சோடு பிடிக்கும் 5 நட்டுகள் வேறு, ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் வெளிவட்ட நட்டுகள் வேறு. வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்காமல் வெளிவட்டத்தில் கைவைத்தால், இரும்புப் பாதி முகத்துக்கு நேராகப் பாயும். இதையெல்லாம் புத்தகத்தைக் கையில் திணித்தா கற்றுக்கொடுப்பது? பக்கத்தில் நின்று, ‘டேய், கையை எடு’ என்று சொல்ல ஒருத்தன் வேண்டாமா?

முன் அச்சு அடுத்த கொடுமை. சேற்றில் முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்தவன், கெட்டித் தார்ச்சாலை ஏறியதும் அந்த லீவரை விடுவிக்கணும். விடாமல் ஓட்டினால், வளைவுகளில் முன்னும் பின்னும் வேறுவேறு தூரம் உருளும் சக்கரங்களின் முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது முன்பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில் போய் உட்காரும். டயர் தேயும், பல் உடையும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் போட்டாலும் இதே முறுக்குதான். உதிரி பாகம் தட்டுப்பாடான நேரத்தில் கிடைத்த டயரைத்தானே மாட்டுவான்?

இந்த நிலைமையில் 1946 ஜூலை 1 அன்று கான்ஸ்டாபுலரி என்று ரோந்துப் படையையே தொடங்கினார்கள். ஜீப்பும் எம்8 கவச வண்டியும் தினமும் ஓடினால்தான் அந்தப் படைக்கு உயிர். அதற்குப் போரில் அடிபட்டுத் தேய்ந்த வண்டிகள், அனுபவமில்லாத ஆட்கள். ஹெல்மெட்டில் மட்டும் மஞ்சள்-நீலப் பட்டை பளபளக்கணும்! பட்டை பளபளக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை ஏர் கிளீனர் எண்ணெயை மாற்றக் கொடுத்திருந்தால் எத்தனை பிஸ்டன் ரிங் பிழைத்திருக்கும். தூசியை வடிகட்ட வேண்டிய எண்ணெய் சேறாகிக் கிடந்தால், அந்தத் தூசியே உள்ளே போய் சிலிண்டரை அறுக்கும். இதற்கும் அந்தப் பதினெட்டு வயசுப் பையன்தான் குற்றவாளியா?