2019 எல்எஸ்யூ என்றால் எனக்கு ஸ்டீவ் என்ஸ்மிங்கர்தான்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதுவரை வந்ததிலேயே சிறந்த அணி எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். 1995 நெப்ராஸ்கா என்பார்கள், 2001 மியாமி என்பார்கள். என் பதில் 2019 எல்எஸ்யூ. 15 ஆட்டம், 15 வெற்றி, மொத்தம் 726 புள்ளிகள். ஆனால் அந்த சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொஞ்சம் உள்விவரம் தெரிந்தவர்கள் ஜோ பிரேடி என்ற இளம் கோச்சின் பெயரையும் சேர்ப்பார்கள். பிரேடியோடு சேர்ந்து வேலை பார்த்த மூத்த கோச் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் பெயர் அநேகமாக வருவதே இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எல்எஸ்யூ என்பது பேட்டன் ரூஜில் இருக்கும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். நான் இருக்கிற ஹூஸ்டனில் லூசியானாக்காரர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்தால் போதும், அந்த அணி அவர்களுக்கு என்ன என்று புரிந்துவிடும். அவர்களுடைய நெடுநாள் குறை ஒன்றுதான்: நம்மிடம் வேகமான பையன்கள் இருக்கிறார்கள், டிஃபென்ஸ் இருக்கிறது, ஆனால் புள்ளி எடுக்கத் தெரியவில்லை. பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடு, இடித்துக்கொண்டு ஓடு, மிச்சத்தை டிஃபென்ஸ் பார்த்துக்கொள்ளும். பல வருஷமாக இதுதான் அங்கே வேதம்.

2012 ஜனவரியில் 13 ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்காமல் தேசிய இறுதியாட்டத்துக்கு வந்து நின்ற அணி, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், சொந்த மாநிலத்து ரசிகர்கள் கண்முன்னால், அலபாமாவிடம் 21-0 என்று தோற்றது. ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அதிலிருந்து அலபாமாவிடம் தொடர்ந்து எட்டுத் தோல்வி. எட்டாவது, 2018இல் பேட்டன் ரூஜிலேயே 29-0. மறுபடியும் பூஜ்யம்.

அப்போது எல்எஸ்யூவின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான கோச், என்ஸ்மிங்கர்தான். பேட்டன் ரூஜிலேயே பிறந்தவர். 1970களில் இதே எல்எஸ்யூவுக்கு குவார்ட்டர்பேக்காக ஆடியவர். பல ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பிறந்த ஊர் அணிக்கே பெரிய பொறுப்பில் உட்கார்ந்தவர்.

2019 தொடக்கத்தில் ஹெட் கோச் எட் ஓர்ஜெரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடியைக் கூட்டிவந்தார். பிரேடிக்கு 29 வயது. என்ஸ்மிங்கருக்கு 60. ஆபீஸில் இருபது முப்பது வருஷம் ஓட்டிய ஒரு மேனேஜருக்குப் பக்கத்தில் சின்னப் பையன் ஒருவனை உட்காரவைத்து, இனிமேல் இவன் சொல்கிற முறையில்தான் வேலை என்றால் என்ன நடக்கும்? நம்மில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். கோப்பு நகராது. மீட்டிங்கில் தலை ஆடும், வேலை நடக்காது. ஆறு மாதத்தில் பையன் வேறு இடம் தேடிப் போவான்.

பேட்டன் ரூஜில் அப்படி நடக்கவில்லை. பிரேடி கொண்டுவந்தது ஐந்து பேரை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துகிற முறை. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, எங்கே வீசுவது என்பதை குவார்ட்டர்பேக்கே அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டும். என்ஸ்மிங்கர் அதைக் கற்றுக்கொண்டார். அவரும் பிரேடியும் சேர்ந்து ஆட்டத் திட்டம் போட்டார்கள். ஆட்ட நாளில் ஒவ்வொரு முயற்சிக்கும் எந்த ப்ளே, அதாவது வகுத்து வைத்த எந்த நகர்வு, என்று அழைக்கும் பொறுப்பு என்ஸ்மிங்கரிடம் இருந்தது. அதாவது, அந்தப் புது முறையை ஊர் அறிய நடத்திக் காட்டியவர் பழைய ஆள்.

பலன் உடனே தெரிந்தது. செப்டம்பர் 7, ஆஸ்டின், டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். முடிய மூன்று நிமிடம்கூட இல்லை, எல்எஸ்யூ 37-31 என்று முன்னால் இருக்கிறது. பந்தைத் தக்கவைக்க நான்கு முயற்சிதான்; இது மூன்றாவது, இன்னும் 17 யார்டு முன்னேற வேண்டும். பழைய எல்எஸ்யூவாக இருந்தால் என்ன செய்திருக்கும் என்று ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். பந்தை ஒரு ஓட்டம் ஓடி, கடிகாரத்தைக் கரைத்து, உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிட்டு டிஃபென்ஸை நம்பி உட்கார்ந்திருக்கும். அன்று பர்ரோ வீசினார். தன்மேல் பாய்ந்து வந்தவர்களிடமிருந்து நழுவி முன்னால் நகர்ந்து ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு வீச, அவர் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார். 61 யார்டு. ஆட்டம் 45-38 என்று முடிந்தது. அந்த ஒரு ப்ளேயில் எல்எஸ்யூவின் சுபாவமே மாறிவிட்டது என்பேன். அந்தச் சூழலில் வீசுவதற்கு குவார்ட்டர்பேக்குக்குத் துணிச்சல் மட்டும் போதாது, மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் அவனை விடவும் வேண்டும்.

பர்ரோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் வாய்ப்புக் கிடைக்காமல் வந்து, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, அந்த மேடையில் ஒஹாயோவில் தன் சொந்த வட்டாரமான ஏதென்ஸில் சாப்பாடு இல்லாமல் ஸ்கூலில் இருந்து வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018இல் முழு சீசனுக்கும் அவர் வீசியது 16 டச்டவுன். 2019இல் 60, அன்றைய தேதிக்கு அது சாதனை. ஒரே வருஷத்தில் ஒருவருடைய கை அவ்வளவு மாறாது. சுற்றி இருந்த ஆட்டமுறைதான் மாறியது.

நவம்பர் 9 அன்று அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 46-41 என்று ஜெயித்தார்கள். எட்டு வருஷக் கணக்குத் தீர்ந்தது. அடுத்தது நான் மறக்க முடியாத நாள்.

டிசம்பர் 28, அட்லாண்டா, ஓக்லஹோமாவோடு அரையிறுதி. அன்று காலை லூசியானாவின் லஃபயெட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதில் இறந்தவர்களில் ஒருவர் என்ஸ்மிங்கரின் மருமகள். விளையாட்டுச் செய்தியாளர், இதே ஆட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்பு ஓர்ஜெரான் அந்தச் செய்தியை என்ஸ்மிங்கரிடம் சொன்னார். அவர் போகவில்லை. மேலே கோச்களின் அறையில் தன் இடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியில் மட்டும் பர்ரோ ஏழு டச்டவுன் வீசினார். 63-28. ஆட்டத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இருந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. துக்கத்தை எப்படித் தாங்க வேண்டும் என்று இன்னொருவருக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 13, 2020. அதே சூப்பர்டோம். தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்துக்கொண்டிருந்த கிளெம்சனை 42-25 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அந்த சீசனின் சிறந்த உதவி கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்குப் போனது. தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கும் அதில் பாதி சேர வேண்டும்.

சரி, "ஒரு வருஷ அதிசயம்தானே" என்று சொல்பவர்களுக்கு. ஆமாம், அடுத்த வருஷம் 5 வெற்றி, 5 தோல்வி. ஏன் என்று பார்த்தால், பிரேடி என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கின் அணி ஒன்றுக்குப் போய்விட்டார், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற ஒரே டிராஃப்டில் 14 பேரை என்எஃப்எல் அணிகள் எடுத்துக்கொண்டன. என்ஸ்மிங்கரும் 2020 சீசனோடு பொறுப்பிலிருந்து விலகினார். ஓர்ஜெரான் 2021இல் போனார், அந்தக் காலம் நல்லபடியாக முடியவில்லை. ஆனால் பின்னால் நடந்ததைக் கொண்டு அந்தப் பதினைந்து ஆட்டத்தின் தரத்தை அளப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2001 மியாமியின் டிஃபென்ஸோடு ஒப்பிட்டால் எல்எஸ்யூவின் டிஃபென்ஸ் ஒரு படி கீழேதான். ஓல் மிஸ் என்கிற மிஸிசிப்பி பல்கலைக்கழக அணி இவர்களுக்கு எதிராக 400 யார்டுக்கு மேல் ஓடியே எடுத்தது. அந்த ஆட்டத்தையும் எல்எஸ்யூ 58-37 என்று ஜெயித்தது. மியாமியோடு மோதவிட்டால் எல்எஸ்யூ நிறையப் புள்ளி கொடுக்கும். ஆனால் பர்ரோ, ஜெஃபர்சன், அவரைப் போலவே பந்தைப் பிடிக்கிற ஜமார் சேஸ் மூன்று பேரும் ஒன்றாக நிற்க, மேலே என்ஸ்மிங்கரும் பிரேடியும் உட்கார்ந்திருக்கிற அணி கடைசியில் ஒரு டச்டவுன் அதிகமாக எடுத்துவிடும் என்றுதான் நான் நம்புகிறேன்.