ஜன்னல் துடைக்கும் திரவம் மானிட்டருக்கு வேண்டாம்

மானிட்டர் திரையும் கண்ணாடிதான், ஜன்னல் துடைக்கும் திரவத்தையே அதில் தெளிக்கலாம் என்று இங்கே ஒரு கருத்து பரவுகிறது. மன்னிக்கவும், பெரும்பாலான மானிட்டர்களுக்கு அது பொருந்தாது. எல்சிடி திரையின் முகப்பில் நம் விரல் படுவது பெரும்பாலும் கண்ணாடி அல்ல, ஒளியை வடிகட்டும் போலரைசர் என்ற பிளாஸ்டிக் படலம். அதன்மேல் கண்கூச்சத்தைக் குறைக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். அமோனியா கலந்த திரவம் பட்டால் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாகக் கெட்டுப்போகலாம். போனால் திரும்ப வராது.

நீங்களே பார்க்கலாம். மானிட்டரை அணைத்துவிட்டு எதிரே டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கூர்மையாகத் தெரியாமல் கலங்கிப் பரவினால் பூச்சு இருக்கிறது. அப்புறம் உங்கள் மாடலின் கையேட்டில் சுத்தம் செய்யும் பகுதியைப் படித்து, திரவப் புட்டியின் லேபிளோடு ஒப்பிடுங்கள்.

சரி, எதால் துடைப்பது? லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியே போதும். தண்ணீரைத் துணியில் மட்டும் விடுங்கள். திரையில் தெளித்தால் கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும்.